டர்பனில் பழைய 'பிரின்ஸ்' ஆட விரும்புகிறவர்களுக்கு: பதிப்பு, செலவு, சுங்கம், டிவி

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கணினி ஆட்டத்தை நான் முதலில் பார்த்தது திருநெல்வேலியில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டி டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயக்க முறை) படிக்கப் போன நாங்கள், கடைசிக் கால் மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்போம். முழுப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். வெறும் 'பிரின்ஸ்'தான். டர்பனுக்கு வந்து, இங்கேயே குடும்பமாகி, சாட்ஸ்வர்த்தில் இருக்கும் மச்சினன் மகனுக்கு 12 வயது ஆனபோது, அவனுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஏழு மாதம் இழுத்தது. பொருந்தாத கேசட் ஒன்று, படிக்க முடியாத பிளாப்பி ஒன்று, சுங்கத்தோடு திரும்பிப்போன பார்சல் ஒன்று, சத்தமே வராத கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) ஒன்று. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் இந்த ஆட்டத்துக்கே புதியவர்களும் அந்த ஏழு மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக, வரிசையாக எழுதுகிறேன்.

1. பணத்தை எடுக்கும் முன், எந்த பிரின்ஸ் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் பதிப்பிலும் கதை ஒன்றுதான். நிலவறையில் அடைபட்ட இளைஞன், கெடு முடிவதற்குள் அமைச்சன் ஜாஃபரை வென்று இளவரசியை மீட்க வேண்டும். ஆனால் எந்தக் கருவியில் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து லெவல், நேரம், படம், கைக்குக் கிடைக்கும் வேகம் எல்லாமே மாறும். இது தெரியாமல் வாங்கியதுதான் என் முதல் தவறு.

முதலில் வந்தது 1989-இல், ஆப்பிள் 2 கணினிக்கு. 12 லெவல், 60 நிமிடம். ஆர்வத்துக்குப் பார்க்கலாம், புதியவர் இதில் தொடங்க வேண்டாம்.

1990-இல் வந்த டாஸ் பதிப்புதான் ஊரில் நாம் ஆடியது. அதே 12 லெவல், அதே 60 நிமிடம், நல்ல விஜிஏ வண்ணம். என் பரிந்துரை இதுதான். செலவும் இதற்குத்தான் குறைவு. அமிகா, அடாரி எஸ்டி பதிப்புகளும் அதே காலத்தவை. ஆனால் அந்தக் கணினிகளைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பது தனி வேலை.

1992-இல் மேக் கணினிக்கு வந்ததில் படம் இன்னும் கூர்மை. இளவரசனுக்குத் தலைப்பாகைகூட உண்டு.

சூப்பர் நின்டெண்டோ பதிப்பும் 1992-இல்தான் வந்தது. இதை வேறு ஆட்டம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். 20 லெவல், 120 நிமிடம், புதிய அறைகள், புதிய எதிரிகள், பழகிக்கொள்ளத் தனிப் பயிற்சிப் பகுதி. டாஸ் பதிப்பை ஒருமுறை முடித்தவர்களுக்கு இது பெரிய விருந்து. 'நான் ஆடிய பிரின்ஸ்' என்று தேடி வருகிறவர் இதை வாங்கினால் ஏமாந்துபோவார்.

சேகா மெகா டிரைவ், மாஸ்டர் சிஸ்டம், நின்டெண்டோ என்இஎஸ், கேம் பாய் எல்லாவற்றுக்கும் பதிப்பு உண்டு. 1999-இல் கேம் பாய் கலருக்கும் வந்தது. கேம் பாய் பதிப்பில் நிறமில்லை, நான்கு சாயல்தான். இருந்தும் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நான்காம் படியில் சொல்கிறேன்.

2. வீட்டில் பிளேஸ்டேஷன் 2 இருக்கிறதா என்று பாருங்கள்

பலருக்குத் தெரியாத குறுக்கு வழி இது. 2003-இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்ற புதிய பிரின்ஸ் ஆட்டத்தின் கன்சோல் பதிப்புகளுக்குள் பழைய பிரின்ஸும் ஒளிந்திருக்கிறது. அதைத் திறந்துதான் ஆட முடியும். பிளேஸ்டேஷன் 2 இங்கே ஏராளமான வீடுகளில் இருந்த கருவி. பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கேஷ் கன்வெர்ட்டர்ஸ், கேஷ் க்ரூசேடர்ஸ் போன்ற பழைய பொருள் கடைகளில் ஆட்டத் தட்டுகளை (டிஸ்க்) புரட்டிப் பாருங்கள். நான் ஒரு தட்டுக்குக் கொடுத்தது ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) விலைதான்.

ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவில் விற்ற பிளேஸ்டேஷன் 2 'பால்' (PAL) என்ற டிவி முறை கொண்ட நாடுகளுக்கானது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த தட்டு அதில் ஓடாது.

இன்னொன்று: பழைய குறிப்புகள் சில 'வீ கடையில் தரவிறக்குங்கள்', '3டிஎஸ் கடையில் வாங்குங்கள்' என்று இன்னமும் சொல்லும். வீ, 3டிஎஸ் இரண்டும் நின்டெண்டோ கருவிகள்; வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ் கடை 2023 மார்ச்சில், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். அந்த வழிகள் அடைபட்டுவிட்டன. அவற்றை நம்பிப் பழைய கருவி வாங்காதீர்கள்.

3. டாஸ் பதிப்பை மடிக்கணினியில் ஓட்டுவது

அசல் பெட்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பிளாப்பி, பெட்டியின் பின்பக்கம், கையேட்டின் உள்பக்கம் ஒன்று.

பிளாப்பி ஏன் என்றால், ஐந்தேகால் அங்குலம், மூன்றரை அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் மூன்றரையை மட்டுமே படிக்கும். நான் வாங்கிய பெட்டியில் இருந்தது ஐந்தேகால். அலங்காரத்துக்கு அலமாரியில் நிற்கிறது.

கையேடு ஏன் என்பதை இரண்டாவது பெட்டி வாங்கிய பிறகுதான் உணர்ந்தேன். அதில் பிளாப்பி சரி, ஆட்டமும் ஓடியது. பையன் முதல் லெவலை அரை மணி போராடி முடித்தான். கதவு ஏறினான். அடுத்து வந்தது ஒரு விசித்திர அறை. வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கீழே ஒரு வரி: கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில், இத்தனையாவது வரியில், இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி. "மாமா, கையேடு எங்கே?" என்று திரும்பிப் பார்த்தான். கையேடு பெட்டியிலேயே இல்லை. சும்மா காகிதம்தானே என்று விற்பவர் எப்போதோ தூக்கிப் போட்டிருக்கிறார். திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக வைத்த பூட்டு அது. ஆகவே கையேடு இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். இருந்தாலும் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வாங்கிய அன்றே போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, பிளாப்பி படித்தாயிற்று. உள்ளே இருக்கும் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள். பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதில் அந்த ஃபோல்டரை சி டிரைவாக மவுன்ட் செய்து (அதாவது இணைத்து), 'பிரின்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆட்டம் தொடங்கும். முதல் முறை எனக்கு இருபது நிமிடம் ஆனது. கன்ட்ரோல், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள், டாஸ்பாக்ஸ் அப்படியே மூடிவிடும்.

டாஸ்பாக்ஸ் பிடிக்காதவர்களுக்கு எஸ்டிஎல்பாப் இருக்கிறது. டாஸ் பதிப்பின் உள்ளமைப்பைப் பிரித்துப் படித்த ஆர்வலர்கள் இன்றைய கணினிக்காகத் திரும்ப எழுதிய இலவச மென்பொருள் அது. குப்பி அறையை வேண்டாம் என்று வைக்கலாம். எஃப்6 அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேமிக்கும், எஃப்9 அழுத்தினால் அங்கிருந்தே மீளும். சிறுவர்களுக்கு இதுவே நல்லது. அசலை ஒருமுறையாவது விலை கொடுத்து வாங்கியவர் இதை ஓட்டுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

இனி விண்டோஸில் வரும் ஒரு தொல்லை. இந்த ஆட்டத்தின் உயிர் ஷிஃப்ட் விசையில் இருக்கிறது. ஷிஃப்டோடு அம்புக்குறி அழுத்தினால் இளவரசன் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைப்பான். விளிம்பைப் பிடித்துத் தொங்க ஷிஃப்ட். வாளை எடுக்க ஷிஃப்ட், வீசவும் ஷிஃப்ட். விண்டோஸிலோ ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா' என்று ஒரு சின்னப் பெட்டி குதித்து வரும். அது வருவதும் சரியாக வாள்சண்டை நடுவில்தான். நீங்கள் அந்தப் பெட்டியை மூடுவதற்குள் காவலாளி வேலையை முடித்துவிடுவான். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய், விசைப்பலகை என்பதற்குக் கீழே அந்தக் குறுக்குவிசையை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. ஆட்டத்தைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

4. கேசட் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

ஊரில் நாம் கேசட் என்று சொல்வதை இங்கே கார்ட்ரிட்ஜ் என்பார்கள். அதைப் போடும் மலிவான கன்சோலுக்கு இங்கே 'டிவி கேம்ஸ்' என்று பெயர். கோல்டன் சைனா என்று பெயர் போட்டு வந்தவை உங்கள் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அந்த டிவி கேம்ஸ் கருவிகள் என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபாமிகாமின் நகல்கள். அவற்றின் கேசட்டுக்கு 60 பின். பிரின்ஸ் வந்ததோ அமெரிக்க, ஐரோப்பிய என்இஎஸ்ஸுக்கு. அந்தக் கேசட்டுக்கு 72 பின், அளவும் பெரிது. நேராகப் பொருந்தவே பொருந்தாது. 72-ஐ 60-ஆக மாற்றும் இடைக்கருவி தனியாக வாங்க வேண்டும். நான் முதலில் கேசட்டை வாங்கிவிட்டு, அப்புறம்தான் கன்சோலைத் திறந்து பார்த்தேன். நீங்கள் கன்சோலின் வாயை முதலில் படம் எடுத்து, கேசட் விற்பவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

சூப்பர் நின்டெண்டோவில் வேறு சிக்கல். அமெரிக்கக் கேசட்டின் உருவமே வேறு. ஜப்பானியக் கேசட் இங்குள்ள கருவியில் உட்காரும், ஆனால் உள்ளே இருக்கும் பூட்டுச் சில்லு ஓட விடாது. இங்கே இருப்பது பால் கருவி என்பதால் பிரிட்டன் அல்லது ஐரோப்பியக் கேசட்தான் தேவை.

பால் என்றாலே வேகத்தையும் சொல்ல வேண்டும். பால் கன்சோல் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும், அமெரிக்க, ஜப்பானியக் கருவி 60 முறை. 60-க்காக எழுதிய ஆட்டத்தைத் திருத்தாமல் 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். இசையும் சேர்ந்து இழுக்கும். யாராவது 'என் கேசட் பழுது, பாட்டு மெதுவாக வருகிறது' என்றால், பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது.

இந்தப் பகுதித் தொல்லைகள் எதுவும் இல்லாதது கேம் பாய். எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். டிவி வேண்டாம், பிளக் வேண்டாம். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் பழைய கேம் பாய் கேசட் ஓடும், சார்ஜ் செய்யும் பேட்டரியும் அதிலேயே இருக்கிறது. அதற்கு அடுத்து வந்த டிஎஸ்ஸில் ஓடாது. அதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு, கவனம். கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ இரண்டுமே கடவுச்சொல் கொடுத்துத் தொடரும் முறையில் வேலை செய்பவை. மற்ற பழைய ஆட்டங்களைப் போலக் கேசட்டுக்குள் பேட்டரி செத்துச் சேமிப்பு போய்விட்டது என்ற கவலை இல்லை. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்தால் போதும்.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது: பெரிய பள்ளம் இங்கேதான்

பிரிட்டனில் ஒருவரிடம் பழைய சூப்பர் நின்டெண்டோ கேசட் ஒன்றைப் பணம் கட்டி வாங்கினேன். மூன்று வாரம் கழித்துக் கூரியர் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்: இறக்குமதி அனுமதியை அனுப்புங்கள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பொருள் திரும்பிப் போனது, அனுப்பு கூலி எனக்கு நஷ்டம்.

விதி இது. தென்னாப்பிரிக்காவுக்குள் பயன்படுத்திய பொருளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி தேவை. அதைக் கொடுப்பது ஐடாக் எனப்படும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையம். அனுமதியைப் பொருள் கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. ஒரு கேசட்டுக்காக இவ்வளவும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். உள்ளூரில் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் லாபம்தான். விடுமுறையில் உறவினர் வரும்போது கைப்பெட்டியில் கொண்டுவரச் சொல்வதும் ஒரு வழி. அப்போதும் வாங்கிய ரசீது அவர் கையில் இருக்கட்டும்.

புதிய பொருள் வரவழைத்தால், உதாரணமாக இடைக்கருவி, கேபிள் போன்றவை, வரிக் கணக்கு இப்படி வரும். பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டுவார்கள், சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் சேர்ப்பார்கள், மொத்தத்தின் மேல் 15 சதவீதம் வாட். தீர்வை இல்லாத 1000 ராண்ட் பொருள் என்றால் 1100-க்கு 15 சதவீதம், அதாவது 165 ராண்ட். இதற்கு மேல் கூரியர் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகப் போடும். சின்னப் பொருளுக்கு அந்தக் கட்டணம் வரியையே மிஞ்சிவிடும். ஆர்டர் போடும் முன் கூரியரிடம் அந்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: விலை எழுதிய பில், பணம் கட்டியதற்கு வங்கிச் சான்று, பாஸ்போர்ட் அல்லது தென்னாப்பிரிக்க அடையாள எண், பொருள் என்ன என்று ஒரு வரி விளக்கம். புதிதாக வந்த தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் இனிஷியல் போட்டுப் பெயர் எழுதிப் பழகியவர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். பார்சலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று விளக்கிக் கடிதம் எழுத வேண்டி வரும். எனக்கு இதிலேயே ஒன்பது நாள் போனது. ஆர்டர் போடும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பெயரைக் கொடுங்கள்.

'பரிசு' என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போடட்டுமா என்று விற்பவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பொய் அறிவிப்பு, மாட்டினால் உங்கள் பெயரில்தான் விழும். விசாவில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

6. உள்ளூரில் வாங்கும்போது

விளம்பரத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல்லைப் பார்ப்பீர்கள். இருக்கிறபடி எடுத்துக்கொள், பின்னால் கேட்காதே என்று அர்த்தம். தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது இது செல்லும். கடைக்காரரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம், பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆனால் 'இன்ன பழுது இருக்கிறது' என்று முன்பே தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தப் பழுதைப் பின்னால் காட்ட முடியாது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடையிலேயே நின்று படியுங்கள். ரசீதையும் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்தது மாதக் கணக்கில் வெளிறிவிடும்.

தனி ஆளிடம் வாங்கினால் பேரங்காடி போன்ற ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பகலில் சந்தியுங்கள். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கேம் பாய் என்றால் அங்கேயே பார்த்துவிடலாம். மற்றவற்றுக்கு, ஓடுவதை அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

7. பிளக், அடாப்டர், டிவி

இங்குள்ள சுவரில் இருப்பது பெரிய மூன்று உருண்டை முள் பிளக். ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் 15 ஆம்பியர் பிளக்கேதான். அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன மூன்று முள் இதில் நுழையாது, பிளக் மாற்றி வேண்டும்.

மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்கக் கருவியோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பானியது 100-க்கு. அவற்றை மாற்றியில் செருகி நேராகச் சுவரில் போட்டால் புகைதான் வரும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் கருவி வோல்ட்டை மாற்றாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், இல்லாவிட்டால் அதே அளவு வெளியீடு தரும் உள்ளூர் அடாப்டர் வேண்டும். அப்படி மாற்று அடாப்டர் தேடும்போது வோல்ட் மட்டும் பார்க்காதீர்கள். ஏசியா டிசியா, நடு முனை கூட்டலா கழித்தலா, எத்தனை மில்லியாம்பியர் என்று மூன்றையும் கருவியின் அடிப்பக்க லேபிளோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய சூப்பர் நின்டெண்டோவின் அடாப்டர் ஏசி தரும், ஜப்பானியக் கருவியோ டிசி கேட்கும். முனை ஒன்றுபோல் இருக்கிறது என்று மாற்றிச் செருகினால் கருவி போய்விடும்.

இப்போது சத்தம் வராத கதை. ஊரிலிருந்து என் தம்பி ஒரு பழைய கன்சோல் கொண்டுவந்தான். ஆன்டெனா வழியாக டிவியில் இணைத்தோம். படம் அழகாக வந்தது. சத்தம் மட்டும் வெறும் இரைச்சல். இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன், கருவியில் பழுதே இல்லை. காரணம் இதுதான்: இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இரண்டும் பால்தான், ஆனால் இந்தியாவில் ஒலி படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனைப் போல 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. டிவி தவறான இடத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. டிவியின் ட்யூனிங் பட்டியலில் ஒலி முறையை மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆன்டெனாவை விட்டுவிட்டு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கம்பியைப் பயன்படுத்துங்கள். ஏவியில் இந்தப் பிரச்சினை கிடையாது.

புதிய டிவிக்களில் ஏவி துளையே இருப்பதில்லை. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி வாங்கினேன், 300 ராண்டுக்குள் முடிந்தது. போட்டதும் டிவியில் கேம் மோட் என்பதைத் தேடிப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்துவதற்கும் இளவரசன் தாவுவதற்கும் இடையே தாமதம் விழும். மற்ற ஆட்டங்களில் அதைச் சமாளிக்கலாம். பிரின்ஸில் ஓடி வந்து கடைசிக் கல்லில் தாவ வேண்டும், எதிரி வாளை ஓங்கும் கணத்தில் மேலம்பு அழுத்தித் தடுக்க வேண்டும். தாமதம் இருந்தால் இரண்டுமே நடக்காது, பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

8. மின்வெட்டு, இடி, உப்புக்காற்று

லோட்ஷெட்டிங் நேரத்தில் கருவியை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பி வரும் நொடியில்தான் பழைய அடாப்டர்கள் அடிபடும். கோடைப் பிற்பகலில் இடி தொடங்கினாலும் அப்படியே.

டர்பன் கடலோர ஊர். ஈரமும் உப்பும் சேர்ந்து கேசட்டின் பித்தளை நிறப் பற்களைக் கறுக்க வைக்கும். ஊரில் செய்தது போல வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் கெடுக்கும். மருந்துக்கடையில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை புதுக் குச்சி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காய விட்டுப் போடுங்கள். மூடி வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் நல்லது.

9. முதல் வாரம் ஆடும்போது

வாள் இல்லாமல்தான் ஆட்டம் தொடங்கும். அதைக் கண்டெடுக்கும் முன் காவலாளியின் முன் போய் நின்றால் ஒரே வெட்டு. முதல் லெவலிலேயே ஷிஃப்ட் நடையைப் பழகுங்கள். தரையில் முள் கிளம்பும் இடங்களை அடி அடியாகக் கடக்கலாம். மூன்றாம் லெவலில் வரும் எலும்புக்கூட்டை வாளால் கொல்ல முடியாது, பின்னால் தள்ளிப் பள்ளத்தில் விழ வைக்க வேண்டும். இதற்கு மேல் நான் சொன்னால் உங்கள் சந்தோஷம் போய்விடும்.

டாஸ் பதிப்பில் ஸ்பேஸ் தட்டினால் மீதி நேரம் தெரியும். கன்ட்ரோல் + ஏ லெவலைத் திரும்பத் தொடங்கும். செத்தாலும் கடிகாரம் நிற்காது, பின்னோக்கியும் போகாது. சிறுவர்கள் பயிற்சி எடுக்க, 1.0 பதிப்பில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறக்கலாம். 1.3, 1.4 பதிப்புகளில் 'பிரின்ஸ் இம்ப்ரூவ்ட்'. உள்ளே கூட்டல் குறி அழுத்தினால் நேரம் கூடும்.

சேமிப்பு பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பையன் கண் கலங்கினான். மூன்றாம் லெவலிலிருந்து கன்ட்ரோல் + ஜி அழுத்திச் சேமிக்கலாம், முகப்பில் கன்ட்ரோல் + எல் அழுத்தித் தொடரலாம். தொடரும்போது அந்த லெவலின் தொடக்கத்தில் நிற்போம், ஆனால் நேரம் சேமித்தபோது என்ன மீதி இருந்ததோ அதுதான். அவன் ஏழாம் லெவலின் நடுவில் சேமித்தான். மீதி 9 நிமிடம். அதை வைத்துக்கொண்டு மேலே போகவே முடியாது. முந்தைய சேமிப்பும் இல்லை, ஏனென்றால் ஆட்டம் ஒரே ஒரு சேமிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதும்.

அதனால் லெவலுக்குள் நுழைந்த உடனே சேமியுங்கள், நடுவில் வேண்டாம். சேமித்ததும் ஃபோல்டரைத் திறந்து, பிரின்ஸ் என்ற பெயரோடு 'எஸ்ஏவி' என்று முடியும் கோப்பை வேறோர் ஃபோல்டரில் நகலெடுத்து, லெவலையும் மீதி நிமிடத்தையும் பெயராக வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது 3-51, 4-47, 5-44 என்று வரிசையாக இருக்கிறது. நேற்று இரவு சாட்ஸ்வர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: 8-33.